பேட்டரி மாற்றிய பிறகு பழைய பென்டியம் 4 கிளம்பவில்லை: பயாஸில் எதையெல்லாம் திரும்ப வைக்க வேண்டும்?

மண்டிமகன் (விருதுநகர்)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுடைய பருப்பு மண்டியில் பில் போடுவதற்கென்றே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. பென்டியம் 4, 2.8 கிகாஹெர்ட்ஸ். இன்டெல் 865 சிப்செட் போர்டு, பயாஸ் (மெஷினைக் கிளப்பும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) ஏ.எம்.ஐ. கம்பெனியுடையது. 512 எம்.பி. ராம், 80 ஜி.பி. சாட்டா (மெல்லிய கேபிளில் வரும் புது வகை) ஹார்ட் டிஸ்க், பட்டைக் கேபிளில் ஒரு ஐ.டி.இ. (பழைய வகை) சி.டி. டிரைவ். விண்டோஸ் எக்ஸ்.பி. சர்வீஸ் பேக் 2. அதற்குள் டாஸ் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய பில்லிங் புரோகிராம். பேரலல் போர்ட்டில் முதலில் டாங்கிள் (புரோகிராமைத் திறக்கச் சாவி மாதிரி மாட்டும் சின்னக் கருவி), டாங்கிளுக்குப் பின்னால் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். நெட் கிடையாது.

கொஞ்ச காலமாகக் காலையில் ஆன் செய்தால் கடிகாரம் மணிக்கணக்கில் பின்தங்கி நிற்கும். அப்பா விண்டோஸில் நேரத்தைத் திருத்திவிட்டு வேலையைத் தொடங்குவார். சர்வீஸ் செய்பவரைக் கூப்பிட்டோம். பேட்டரியை மாற்றினார், செட்டப்புக்குள் போய் 'லோடு ஆப்டிமல் டீஃபால்ட்ஸ்' கொடுத்து சேவ் பண்ணினார், வேறு அழைப்பு வந்ததால் கிளம்பிவிட்டார். இப்போது ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்' என்று மட்டும் வருகிறது. டெல் கீயை எத்தனை தட்டினாலும் செட்டப் திறக்கவில்லை. அவர் தன் கீபோர்டைச் செருகித்தான் உள்ளே போனார், அதைக் கையோடு கொண்டுபோய்விட்டார். எங்களுடையது யு.எஸ்.பி. கீபோர்டு.

ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, புதிதாக எக்ஸ்.பி. போட வேண்டும் என்று போனில் சொல்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

பழையஇரும்பு (சென்னை)

தம்பி, எக்ஸ்.பி. மறுபடி போட விடாதீர்கள். பில்லிங் டேட்டா அதில்தான் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் அநேகமாக நன்றாகத்தான் இருக்கும், பயாஸ் அதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் வேலை ஒரு பி.எஸ்/2 கீபோர்டு தேடுங்கள். ஊதா நிறத்தில் வட்டமான முனை இருக்குமே, அது. பழைய கம்ப்யூட்டர் கடையில் தூசி படிந்து கிடக்கும். யு.எஸ்.பி.யை வட்ட முனையாக மாற்றும் சின்ன அடாப்டரை நம்பாதீர்கள், இரண்டு மொழியும் தெரிந்த கீபோர்டுகளுக்குத்தான் அது வேலை செய்யும். முக்கியமாக, மெஷின் ஓடும்போது பி.எஸ்/2 முனையைச் செருகவோ உருவவோ கூடாது, அணைத்துவிட்டுத்தான்.

உங்கள் யு.எஸ்.பி. கீபோர்டு விண்டோஸில் மட்டும் வேலை செய்வதற்குக் காரணம் 'யு.எஸ்.பி. லெகசி சப்போர்ட்' என்ற ஆப்ஷன். அது டிஸேபிளில் இருந்தால் விண்டோஸ் டிரைவர் ஏறும்வரை கீபோர்டு செத்தமாதிரிதான். சில போர்டுகளில் டீஃபால்ட்டே அப்படி. உள்ளே போனதும் அதை எனேபிள் ஆக்கிவிட்டால் அடுத்த முறை கீபோர்டு கடன் வாங்க வேண்டியதில்லை.

உள்ளே போனதும் 'மெயின்' பக்கத்தைப் பாருங்கள். பிரைமரி ஐ.டி.இ. மாஸ்டர், ஸ்லேவ், செகண்டரி மாஸ்டர், ஸ்லேவ் என்று வரிசை இருக்கும். அதற்குக் கீழே 'தேர்டு ஐ.டி.இ. மாஸ்டர்', 'ஃபோர்த் ஐ.டி.இ. மாஸ்டர்' என்று இரண்டு வரி இருக்கிறதா? அவைதான் சாட்டா. உங்கள் ஹார்ட் டிஸ்க்கின் மாடல் எண் எங்காவது தெரிகிறதா என்று மட்டும் சொல்லுங்கள். தெரிந்தால் பூட் வரிசைதான் பிரச்சினை. தெரியாவிட்டால் வேறு ஒரு ஆப்ஷன். எதையும் மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் மொபைலில் போட்டோ எடுங்கள்.

வேகப்பித்தன் (கோவை)

செட்டப்புக்குள் போகும்போதே சேர்த்து இதையும் செய்துவிடுங்கள் நண்பரே: மெமரி டைமிங்கை மேனுவல் ஆக்கி காஸ் லேட்டன்சி (ராம் பதில் தர எடுக்கும் தாமதம்) 2 வையுங்கள். ஏ.ஜி.பி. அபெர்ச்சர் 256. வீடியோ பயாஸ் கேஷபிள் எனேபிள். 865 போர்டு நன்றாக இழுக்கும். பழைய மெஷினில் இந்த மாதிரி பிழிந்தால்தான் ருசி.

பழையஇரும்பு

தம்பி கேட்டதே மெஷின் கிளம்ப வழி. நீங்கள் பந்தயத்துக்கு அனுப்பப் பார்க்கிறீர்கள்.

ராம் குச்சியிலேயே எஸ்.பி.டி. என்று ஒரு குட்டி சிப் இருக்கிறது. தனக்கு எந்த டைமிங் தாங்கும் என்று அது சொல்லும், பயாஸ் அதைப் படித்து வைத்துக்கொள்ளும். அன்றைக்குச் சாதாரணமாக விற்ற டி.டி.ஆர். 400 குச்சிகள் பெரும்பாலும் காஸ் 3, கொஞ்சம் நல்லவை 2.5. அதை 2-க்கு இறக்கினால் மெஷின் கிளம்பாமல் போனாலும் பரவாயில்லை என்பேன். கிளம்பிவிட்டு எப்போதாவது ஒரு பிட் புரண்டால்தான் ஆபத்து. விளையாட்டில் ஒரு புள்ளி நிறம் மாறும். ஃபாக்ஸ்ப்ரோவின் டி.பி.எஃப். டேட்டா ஃபைலில் ஒரு பார்ட்டியின் பாக்கித் தொகை மாறும்.

ஏ.ஜி.பி. அபெர்ச்சரைப் பெரிதாக்கினால் கிராஃபிக்ஸ் வேகமாகும் என்பதும் சரியல்ல. தனி ஏ.ஜி.பி. கார்டு டெக்ஸ்சருக்காக மெயின் மெமரியில் எவ்வளவு தூரம் வரை கை நீட்டலாம் என்ற எல்லைதான் அது. எழுத்தும் கட்டமும் மட்டும் வரும் ஃபாக்ஸ்ப்ரோ திரைக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. வீடியோ பயாஸ் கேஷும் அப்படியே. டாஸ் காலத்தில் அதற்குப் பயன் இருந்தது, எக்ஸ்.பி. தன் டிரைவர் வழியாகத்தான் திரையைத் தொடுகிறது.

வேகப்பித்தன்

சரி சரி, பில்லிங் மெஷின் என்பதைக் கவனிக்காமல் சொல்லவில்லை. 512 எம்.பி.யில் எக்ஸ்.பி. மூச்சு வாங்குமே என்றுதான். ஆன்போர்டு கிராஃபிக்ஸ் என்றால் ஃப்ரேம் பஃபரையாவது (திரைக்காக ராமிலிருந்து ஒதுக்கும் பங்கு) 8 எம்.பி.யில் வையுங்கள், 16 தேவையில்லை. இதிலாவது சண்டை வராது என்று நினைக்கிறேன்.

பழையஇரும்பு

வராது. அது சரியான யோசனை.

குறுக்குக்கேள்வி (பெங்களூரு)

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் பழைய கோர் ஐ3 ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே? செகண்ட் ஹேண்டில் எங்கு பார்த்தாலும் கிடைக்கிறது.

மண்டிமகன்

யோசித்தோம் சார். புரோகிராம் எழுதியவர் இப்போது இந்தத் தொழிலில் இல்லை, சோர்ஸ் கோடும் எங்களிடம் இல்லை. டாங்கிள் பேரலல் போர்ட்டில் இருந்தால்தான் அது திறக்கும். புது போர்டுகளில் பேரலல் போர்ட்டே இல்லை. கார்பன் வைத்து மூன்று காப்பி அடிக்க டாட் மேட்ரிக்ஸும் வேண்டும். எல்லாவற்றையும் ஒரு நாள் மாற்றத்தான் போகிறோம், அதற்கு முன் பழைய கணக்கை எடுக்கவாவது இந்த மெஷின் கிளம்ப வேண்டும்.

கோமதி_அச்சகம் (திருநெல்வேலி)

குறுக்குக்கேள்வி சார், இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 64 பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராம் நேரடியாக ஓடவே ஓடாது. டாஸ்பாக்ஸ் மாதிரி டாஸைப் போல நடிக்கும் மென்பொருள் ஏதாவது வைத்து ஓட்டினாலும் டாங்கிள் என்று வரும்போது மாட்டிக்கொள்ளும். எங்கள் அச்சகத்தில் தமிழ் டைப்செட்டிங் மென்பொருளுக்காகவே ஒரு பென்டியம் 3-ஐக் காப்பாற்றி வைத்திருக்கிறோம்.

தம்பி, மெஷின் கிளம்பியதும் டாங்கிளில் அடுத்த பிரச்சினை வரலாம். வந்தால் சொல்லுங்கள், அது எனக்குப் பழகிய விஷயம்.

யாழ்_486 (யாழ்ப்பாணம்)

இந்த இழையைப் பார்த்ததும் கை துறுதுறுக்குது. என்னிடம் ஒரு 486 கணினி இருக்கு. அதில் பேட்டரி போனால் ஹார்ட் டிஸ்க்கைப் பயாஸ் தானாகக் கண்டுபிடிக்காது. 1 முதல் 46 வரை டைப் எண்கள் எழுதின ஒரு அட்டவணை, அதில் நம்முடையது இல்லாவிட்டால் டைப் 47 எடுத்து சிலிண்டர், ஹெட், செக்டர் மூன்றையும் கையால் அடிக்க வேணும். டிஸ்க்கின் மேல் ஒட்டின ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் கதை முடிந்தது. 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர், ஒவ்வொன்றும் 512 பைட்: பெருக்கினால் 528 எம்.பி. அதுக்கு மேல் அந்தக் காலத்துப் பயாஸால் போக ஏலாது. செக்டர்களுக்கு நேராக வரிசை எண் கொடுக்கிற எல்.பி.ஏ. முறை வந்த பிறகுதான் அந்தச் சுவர் உடைந்தது.

அதுக்கும் முன்னம், ஐ.பி.எம். 1984-இல் வெளியிட்ட ஏ.டி. மெஷினில் செட்டப் என்பது பயாஸுக்குள்ளேயே இருக்கேல்லை. தனி ஃப்ளாப்பி போட்டுத்தான் திறக்க வேணும். கடிகாரமும் அமைப்புகளும் சேர்த்து 64 பைட் மெமரி, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லுறன். 386, 486 வைத்திருக்கிறவர்கள் போர்டில் நீல நிறப் பீப்பாய் மாதிரி ஒட்டின நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்தால் உடனே வெட்டி எடுங்கோ. அது கசிந்து பக்கத்துச் செப்புக் கோடுகளைத் தின்றுவிடும். தம்பியின் போர்டில் இருப்பது நாணயம் மாதிரி சி.ஆர். 2032 தான், அது அநேகமாகக் கசியாது.

மண்டிமகன்

கீபோர்டு கிடைத்தது! பக்கத்து ஜெராக்ஸ் கடை அண்ணன் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். உள்ளே போய்ப் பார்த்தேன். பிரைமரி மாஸ்டரில் 'நாட் டிடெக்டட்', செகண்டரி மாஸ்டரில் சி.டி. டிரைவ் பெயர். தேர்டு, ஃபோர்த் என்ற வரிகளே இல்லை. ஹார்ட் டிஸ்க் எங்குமே தெரியவில்லை.

'ஐ.டி.இ. கான்ஃபிகரேஷன்' என்ற இடத்தில் 'ஆபரேட் மோட்' என்பது 'கம்பாட்டிபிள்' என்று இருக்கிறது. அதற்குக் கீழே 'பிரைமரி பி-ஏ.டி.ஏ. + செகண்டரி பி-ஏ.டி.ஏ.' என்று போட்டிருக்கிறது.

பழையஇரும்பு

அதுதான் தம்பி. கண்டுபிடித்துவிட்டீர்கள்.

865 போர்டில் டிஸ்க்குகளைப் பார்த்துக்கொள்வது ஐ.சி.எச்.5 என்ற சிப். 2003-இல் வந்தது. பட்டைக் கேபிள் (பி-ஏ.டி.ஏ. என்பது இதுதான்) இரண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு டிரைவ், ஆக நான்கு. அதோடு சாட்டா இரண்டு. மொத்தம் ஆறு. ஆனால் டாஸ், விண்டோஸ் 98, எம்.இ. இவற்றுக்கெல்லாம் நான்குக்கு மேல் கணக்குத் தெரியாது. ஐ.ஆர்.க்யூ. 14, 15 என்ற இரண்டு வழிகளில்தான் அவை டிஸ்க்கைத் தேடும். அவற்றை ஏமாற்றுவதற்காக வைத்ததுதான் இந்தக் 'கம்பாட்டிபிள்'. ஆறில் எந்த நான்கைக் காட்டட்டும் என்று நம்மைக் கேட்கும். உங்கள் போர்டில் இப்போது பட்டைக் கேபிள் நான்கை மட்டும் காட்டு, சாட்டாவை மறை என்று இருக்கிறது. டிஸ்க் சுழன்றுகொண்டே இருக்கும், பயாஸுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

'என்ஹான்ஸ்டு' என்று மாற்றுங்கள். எக்ஸ்.பி.க்கும் 2000-க்கும் ஆறும் தெரியும். எஃப்10 கொடுத்து சேவ், ரீபூட் ஆகும்போது மறுபடி டெல். இப்போது 'தேர்டு ஐ.டி.இ. மாஸ்டர்' வரியில் டிஸ்க் பெயர் வர வேண்டும்.

வந்த பிறகு 'பூட்' பக்கத்தில் இரண்டு இடம் பாருங்கள். 'பூட் டிவைஸ் பிரையாரிட்டி' ஒன்று. 'ஹார்ட் டிஸ்க் டிரைவ்ஸ்' இன்னொன்று, இதைத்தான் பலர் பார்ப்பதில்லை. பேக்கப் எடுக்கும் பென் டிரைவ் செருகியபடியே இருந்தால் ஏ.எம்.ஐ. அதையும் ஒரு ஹார்ட் டிஸ்க்காகக் கணக்கில் எடுத்து முதலில் உட்கார வைத்துவிடும். உருவிவிட்டுப் பாருங்கள்.

மண்டிமகன்

எக்ஸ்.பி. வந்துவிட்டது சார்! தேர்டு மாஸ்டரில் 80 ஜி.பி. தெரிந்தது, நேராகக் கிளம்பியது. டேட்டா அப்படியே இருக்கிறது. முதல் வேலையாக ஃபாக்ஸ்ப்ரோ ஃபோல்டர் முழுவதையும் பென் டிரைவில் காப்பி எடுத்துவிட்டேன். அப்பா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, டீ வாங்கி வரச் சொல்லிப் பையனை அனுப்பினார்.

ஆனால் கோமதி அக்கா சொன்னதுதான் நடந்தது. புரோகிராம் திறந்தால் மேலே 'டெமோ' என்று வருகிறது. டாங்கிளைக் கழற்றி மாட்டினேன், பலன் இல்லை. பிரிண்டர் மட்டும் நன்றாக அடிக்கிறது.

கோமதி_அச்சகம்

பிரிண்டர் அடிக்கிறது என்றால் போர்ட்டும் கேபிளும் சரி. மோடைப் பாருங்கள்.

பேரலல் போர்ட்டுக்குப் பயாஸில் நான்கு மாதிரி நடத்தை இருக்கும். 'நார்மல்' என்பது பழைய எஸ்.பி.பி., கணினியிலிருந்து பிரிண்டருக்கு ஒரு வழிப் பாதை, திரும்பி வருவது சில நிலைச் செய்திகள் மட்டும். 'பை-டைரக்ஷனல்' இருவழி. ஈ.பி.பி., ஈ.சி.பி. இரண்டும் பிறகு வந்த வேகமான முறைகள். ஈ.சி.பி. கூடுதலாக ஒரு டி.எம்.ஏ. சானல் கேட்கும், அநேகமாக 3. டீஃபால்ட் ஏற்றியதும் நிறைய போர்டுகள் ஈ.சி.பி.க்குப் போய்விடும், ஸ்கேனர் வைத்திருந்தவர்களுக்கு அது வசதி.

பழைய டாங்கிள் எப்படி வேலை செய்கிறது என்றால், புரோகிராம் போர்ட்டின் டேட்டா கம்பிகளில் குறிப்பிட்ட வரிசையில் சிக்னல் அனுப்பும், டாங்கிள் நிலைக் கம்பிகள் வழியாக ஒரு விடை தரும். இதற்கு நேரம் கணக்காக இருக்க வேண்டும், போர்ட் நடுவில் தலையிடவும் கூடாது. ஈ.சி.பி.யில் போர்ட் தன் சொந்த புத்தியைக் காட்டும். பிரிண்டருக்கு அது தெரியாது, டாங்கிள் பேச்சிழந்துவிடும்.

'பெரிஃபெரல்ஸ்' அல்லது 'சூப்பர் ஐ.ஓ. கான்ஃபிகரேஷன்' என்ற இடத்தில் போய் மோடை 'நார்மல்' ஆக்குங்கள். அட்ரஸ் 378, ஐ.ஆர்.க்யூ. 7. அட்ரஸை 278 என்று மாற்றிவிடாதீர்கள், பழைய டாங்கிள் ரொட்டீன்கள் பல 378-ல்தான் போய்த் தட்டும். மோட் மாறியதும் எக்ஸ்.பி. புது ஹார்ட்வேர் என்று ஒரு பலூன் காட்டலாம். டிவைஸ் மேனேஜரில் 'ஈ.சி.பி. பிரிண்டர் போர்ட்' என்று இருந்தது வெறும் 'பிரிண்டர் போர்ட்' ஆகியிருந்தால் வேலை முடிந்தது. அப்புறம், பிரிண்டரை ஆன் செய்துவிட்டுப் புரோகிராமைத் திறந்து பாருங்கள். அணைந்த பிரிண்டர் பின்னால் இருந்தால் சில டாங்கிள்கள் முரண்டு பிடிக்கும்.

வேகப்பித்தன்

ஈ.பி.பி. வைக்கலாமே அக்கா? ஒரு கடையில் சி.என்.சி. கன்ட்ரோலருக்கு அதுதான் வைத்திருக்கிறார்கள்.

கோமதி_அச்சகம்

சி.என்.சி.க்கு அது சரியாக இருக்கலாம், அவர்களுக்கு வேகம் வேண்டும். எங்களிடம் இருக்கும் டாங்கிள்களில் ஒன்று ஈ.பி.பி.யிலும் திறக்கும், இன்னொன்று நார்மலில் மட்டும்தான். நார்மலில் தொடங்கி, சரிவராவிட்டால் பை-டைரக்ஷனல், பிறகு ஈ.பி.பி. என்று மேலே போவது நல்லது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு நார்மலே தாராளம், ஊசி அடிக்கும் வேகத்தைவிடப் போர்ட் எப்போதும் வேகம்தான்.

மண்டிமகன்

நார்மலில் டாங்கிள் பிடித்துக்கொண்டது. 'டெமோ' போய்விட்டது, கடைப் பெயர் வந்துவிட்டது. அக்கா, உங்கள் அச்சகத்துக்கு ஒரு சிப்பம் துவரம் பருப்பு கடன்பட்டிருக்கிறேன்.

இன்னும் சில சந்தேகங்கள். ஆன் செய்ததும் ஃப்ளாப்பி எரர் என்று ஒரு வரி வந்து எஃப்1 கேட்கிறது. ஃப்ளாப்பி டிரைவை எப்போதோ கழற்றிவிட்டோம். எஃப்1 கேட்பதையே நிறுத்திவிடலாமா? 'வெயிட் ஃபார் எஃப்1 இஃப் எரர்' என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது.

குறுக்குக்கேள்வி

நிறுத்திவிடுங்கள். காலையில் கடையைத் திறக்கிற அவசரத்தில் யார் எஃப்1 தட்டிக்கொண்டிருப்பது?

பழையஇரும்பு

இதில் நான் ஒத்துப்போகமாட்டேன். ஃப்ளாப்பி எரருக்கு மருந்து, ஃப்ளாப்பி ஏ-யை '1.44 எம்.பி.' என்பதிலிருந்து 'டிஸேபிள்டு' ஆக்குவது. பூட் வரிசையிலிருந்தும் ஃப்ளாப்பியைத் தூக்கிவிடுங்கள், சில நொடி மிச்சம். எஃப்1 காத்திருப்பை அப்படியே விடுங்கள்.

ஏன் என்றால், அடுத்த முறை பேட்டரி முழுசாகப் போகும்போது தேதி போர்டின் தொடக்க ஆண்டுக்குத் திரும்பிவிடும். எஃப்1 காத்திருந்தால் மெஷின் நின்று சத்தம் போடும். காத்திருப்பை நிறுத்தியிருந்தால் அது கமுக்கமாகக் கிளம்பி விண்டோஸுக்குப் போய்விடும், நெட் இல்லாத மெஷின், தேதியைத் திருத்த வேறு வழியும் கிடையாது. மதியத்துக்குள் 2003-ஆம் ஆண்டுத் தேதி போட்டு சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று பில் அடித்துக் கட்டு கட்டாகக் கொடுத்திருப்பீர்கள். ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலையில். ஆடிட்டர் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

குறுக்குக்கேள்வி

அது சரி. ஜி.எஸ்.டி. வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

யாழ்_486

பேட்டரி ஏன் சீக்கிரம் போகுது என்பதையும் சொல்ல வேணும். தம்பி, இரவு கடை பூட்டும்போது சுவர் சுவிட்சை அணைக்கிறீர்களோ?

மண்டிமகன்

ஆமாம் அண்ணா. மெயினையே அணைத்துவிட்டுத்தான் அப்பா பூட்டுவார். எங்கள் பக்கம் எல்லாக் கடையிலும் அப்படித்தான்.

யாழ்_486

இங்கேயும் அப்படித்தான். ஏ.டி.எக்ஸ். பவர் சப்ளை சுவரில் உயிரோடு இருக்கும்வரை 5 வோல்ட் ஸ்டாண்ட்பை ஒன்று போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். கணினி அணைந்திருந்தாலும் கடிகாரம் அதில்தான் ஓடும், பேட்டரி சும்மா இருக்கும். சுவர் சுவிட்சை அணைத்த நேரம் முழுக்கப் பேட்டரிதான் கடிகாரத்தைச் சுமக்குது. சுவர் மின்சாரமே இல்லாமல் வைத்தால் மூன்று வருஷம்தான் பேட்டரிக்கு ஆயுள் என்று இன்டெல் போர்டு மேனுவல்களில் போட்டிருக்கும்.

அதுக்காக மெயினை அணைக்காதீர்கள் என்று சொல்லமாட்டன், இடி மின்னல் காலத்தில் அணைப்பதுதான் புத்தி. சி.ஆர். 2032 விலை என்ன பெரிய விலை? மல்டிமீட்டரில் புதுசு 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். 2.8-க்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுங்கோ. உங்கட கடிகாரம் பின்தங்கினதே முதல் அறிகுறி. அமைப்புகள் அழியிறதுக்கு முன்னமே கடிகாரம் தள்ளாடத் தொடங்கிவிடும்.

மண்டிமகன்

கடைசியாக ஒன்று. 'ரெஸ்டோர் ஆன் ஏ.சி. பவர் லாஸ்' என்பதில் பவர் ஆஃப், பவர் ஆன், லாஸ்ட் ஸ்டேட் என்று மூன்று இருக்கிறது. எங்களிடம் சின்ன யு.பி.எஸ். இருக்கிறது, ஆனால் பத்து நிமிஷம் தாங்காது. எதை வைக்கட்டும்?

வேகப்பித்தன்

லாஸ்ட் ஸ்டேட். கரண்ட் வந்ததும் தானாக எழுந்து நிற்கும், வேலை தொடரும்.

கோமதி_அச்சகம்

பவர் ஆஃப் வையுங்கள் தம்பி. கரண்ட் திரும்பும்போது ஒரே மூச்சில் வருவதில்லை, வந்து போய் வந்து போய்த்தான் நிற்கும். லாஸ்ட் ஸ்டேட்டில் ஒவ்வொரு தடவையும் மெஷின் பாதி பூட் ஆகி விழும். ஃபாக்ஸ்ப்ரோ ஃபைல் திறந்திருக்கும்போது விழுந்தால் சி.டி.எக்ஸ். இண்டெக்ஸ் கெடும், பிறகு பார்ட்டி பெயரைத் தேடினால் வராது, ரீஇண்டெக்ஸ் செய்ய வேண்டும். கரண்ட் நின்று நிதானமான பிறகு ஆளே போய் பட்டனை அழுத்தட்டும்.

பழையஇரும்பு

கோமதி சொல்வதே என் கட்சியும். லாஸ்ட் ஸ்டேட் எல்லாம் ஆளில்லாத சர்வருக்கு.

அதே பவர் பக்கத்தில் ஏ.சி.பி.ஐ. (மின்சார நிர்வாகத்தை விண்டோஸ் கையில் கொடுக்கும் முறை) என்று ஏதாவது இருந்தால் தொடாதீர்கள். எக்ஸ்.பி. நிறுவும்போது ஏ.சி.பி.ஐ. இருக்கிறதா இல்லையா என்று பார்த்து அதற்கேற்ற அடித்தளத்தைப் போட்டுக்கொள்கிறது. பிறகு பயாஸில் அதை அணைத்தால் கிளம்பாது, மறுபடி போனில் 'ஹார்ட் டிஸ்க் போச்சு' என்பார் உங்கள் சர்வீஸ்காரர்.

பயாஸ் அப்டேட் செய்யட்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். புது பிராசஸர் போடப்போவதில்லை, மெஷின் ஓடுகிறது, உங்கள் ஊரில் கரண்டும் போகிறது. பயாஸ் சிப்பில் எழுதும் நடுவில் கரண்ட் போனால் போர்டு வெறும் கல்லாகிவிடும். 1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.எச். வைரஸ் பல மெஷின்களில் பயாஸ் சிப்பையே அழித்தபோது சென்னையின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் சிப்பைக் கழற்றி மறுபடி எழுதிக் கொடுக்க வரிசையில் நின்றார்கள். இன்றைக்கு அந்த வேலை செய்ய ஆள் தேடுவதே கஷ்டம்.

மண்டிமகன்

வைத்துவிட்டேன். இப்போதைய நிலை, பின்னால் இதே போர்டோடு யாராவது வந்தால் உதவட்டும்: முதலில் ஆப்டிமல் டீஃபால்ட்ஸ். அதன்மேல் தேதி நேரம், ஐ.டி.இ. மோட் என்ஹான்ஸ்டு, யு.எஸ்.பி. லெகசி எனேபிள், ஃப்ளாப்பி டிஸேபிள், பேரலல் போர்ட் 378 நார்மல், பவர் லாஸ் ஆஃப், ஃப்ரேம் பஃபர் 8 எம்.பி., பூட் வரிசையில் ஹார்ட் டிஸ்க் முதலில். மற்ற எதையும் தொடவில்லை. எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து, ஜெராக்ஸ் அண்ணனிடமே பிரிண்ட் போட்டு, கேபினெட்டின் உள்பக்கத் தகட்டில் ஒட்டியாகிவிட்டது.

தேனிக்காற்று (தேனி)

தாமதமாக வருகிறேன். என்னிடம் 945 போர்டு இருக்கிறது, புதிதாக எஸ்.எஸ்.டி. போட்டிருக்கிறேன். ஏ.எச்.சி.ஐ. (சாட்டா டிஸ்க்கோடு பேசும் புது முறை) வைத்தால் வேகம் என்கிறார்கள், என் பயாஸில் அந்த வார்த்தையே இல்லை. பயாஸ் பழசா?

பழையஇரும்பு

பயாஸ் பழசு இல்லை, சிப்பிலேயே கிடையாது. 945 போர்டுகளில் சாதாரணமாக வருவது ஐ.சி.எச்.7. அதில் ஐ.டி.இ. மோட் மட்டும்தான். பின்னால் ஆர் என்ற எழுத்து சேர்ந்த ஐ.சி.எச்.7ஆர் என்றால் ஏ.எச்.சி.ஐ. உண்டு. மண்டித் தம்பியின் ஐ.சி.எச்.5-ல் எந்த வகையிலும் இல்லை. ஐ.டி.இ. மோடிலேயே எஸ்.எஸ்.டி. ஓடட்டும், பழைய ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஏ.எச்.சி.ஐ. இருக்கிற போர்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: எக்ஸ்.பி. ஐ.டி.இ. மோடில் நிறுவப்பட்டிருந்தால், டிரைவர் போடாமல் பயாஸில் மட்டும் மாற்றினால் நீலத் திரையில் 7பி என்ற எரர் வரும். பயந்து ஃபார்மேட் செய்ய வேண்டாம், திரும்ப ஐ.டி.இ. ஆக்கினால் கிளம்பிவிடும்.

தேனிக்காற்று

நன்றி சார். இன்னொன்று. எக்ஸ்.பி.யோடு லினக்ஸும் வைத்திருக்கிறேன். லினக்ஸுக்குப் போய்விட்டு வந்தால் எக்ஸ்.பி.யில் நேரம் ஐந்தரை மணி பின்னால் போகிறது. பேட்டரி புதுசு.

யாழ்_486

சரியாக ஐந்தரை மணி என்றால் பேட்டரியில் பிழை இல்லை. பயாஸ் கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும், கிரீன்விச் கணக்கு இருப்பதாக லினக்ஸ் எடுத்துக்கொண்டு அதையே திரும்ப எழுதிவிடும். கிரீன்விச்சோடு பார்த்தால் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வித்தியாசம் அதே ஐந்தரை. லினக்ஸ் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையின் 'செட்-லோக்கல்-ஆர்.டி.சி.' என்பதை 1 ஆக்கிவிட்டு, ஒருக்கா எக்ஸ்.பி.க்குப் போய் நேரத்தைத் திருத்துங்கோ. பயாஸில் எதையும் மாற்ற வேண்டாம்.